குதித்த கால்

உங்களுக்கு பேஸ்பால் தெரியாவிட்டால் பாதகமில்லை; வழக்கு புரியும்.

நியூஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் பையன், நியூயார்க் மெட்ஸ் கட்சி. 2023 மார்ச்சில் வேர்ல்டு பேஸ்பால் கிளாஸிக்கில் போர்ட்டோ ரீக்கோ ஜெயித்ததும், சந்தோஷத்தில் குதித்த எட்வின் டியாஸுக்கு வலது முழங்காலில் தசைநார் கிழிந்தது. ஐந்து வருஷத்துக்கு 10.2 கோடி டாலர் பேசி மெட்ஸ் தக்கவைத்த பந்துவீச்சாளர். அந்த சீசன் முழுக்க ஒரு பந்துகூடப் போடவில்லை.

"சம்பளம் கொடுக்கறது ஒருத்தர், காலை உடைச்சுக்கறது இன்னொருத்தருக்காகவா?" என்று போனில் கொதித்தான்.

"மெட்ஸுக்கு ஜெயிச்சுக் குதிச்சிருந்தாலும் கிழிஞ்சிருக்குமேடா" என்றேன். வைத்துவிட்டான்.

லீகிலேயே அதிகமாகச் சம்பளம் கொடுத்த மெட்ஸ் அந்த வருஷம் 75 ஜெயித்து 87 தோற்றது. பணம் ஆளை வாங்கும். முழங்காலுக்கு கேரண்டி தராது.

ஆனால், எனக்கு மறக்காதது ஆறாம் நாள். இறுதி ஆட்டம். கடைசியாக நின்ற அமெரிக்காவின் மைக் ட்ரவுட்டை, அப்போது ஒரே கிளப்பில் கூட ஆடிய ஓட்டானியே அவுட்டாக்கி, ஜப்பானுக்கு 3-2 என்று கோப்பை வாங்கிக் கொடுத்தார். நான் காபியோடு உட்கார்ந்திருந்தேன். போன்.

"பார்த்தீங்களா சித்தப்பா!"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரலில் மெட்ஸ் இல்லை. சம்பளக் கணக்கும் இல்லை.