சொல்லாததும் வந்து நிக்கும்!

‘அதைப் பத்தி நான் ஒரு வரிகூட எழுதலையே, இது எப்படி வந்துச்சு?’

எக்ஸ்.எஸ்.எல்.டி. பக்கம் முதல்முறையா கால் வைக்கிற எல்லாரும் கேட்கிற கேள்வி இது, நண்பர்களே! டேக் டேக்கா அடுக்கி வெச்சிருக்கிற எக்ஸ்.எம்.எல். தகவலை வெப் பக்கமாவோ வேற வடிவமாவோ மாத்துற மொழிதான் எக்ஸ்.எஸ்.எல்.டி. புத்தகங்களை எக்ஸ்.எம்.எல்.லா மாத்துற ஒரு சென்னை கம்பெனியில நான் இப்போ இன்டர்ன். அதனால பகலெல்லாம் இதோடதான் குடித்தனம்!

ஒரு உதாரணம். உங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்குப் பேர் கொடுத்தவங்க பட்டியல் எக்ஸ்.எம்.எல்.ல இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் பெயர், கல்லூரி, செல்போன் நம்பர், பிறந்த தேதின்னு நாலு டேக். நோட்டீஸ் போர்டுக்கு பெயரும் கல்லூரியும் போதும். ரெண்டுக்கும் ஆளுக்கொரு டெம்ப்ளேட் எழுதி ஸ்டைல்ஷீட்டை ஓட்டுறீங்க. பெயர் வருது, கல்லூரி வருது... கூடவே செல்போன் நம்பரும் பிறந்த தேதியும் ஒட்டிக்கிட்டு வருது! கவனிக்காம ஒட்டிட்டா, ஒரு பொண்ணோட நம்பர் காலேஜ் முழுக்கப் போயிடும். விளையாட்டு இல்லீங்க.

காரணம், மொழிக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கிற டிஃபால்ட் டெம்ப்ளேட்கள். 1999 நவம்பர்ல டபிள்யூ3சி வெளியிட்ட 1.0 பதிப்பிலேயே இது உண்டு. டெம்ப்ளேட் எழுதாத டேக் எதிர்ப்பட்டா, ‘உள்ளே போய் அதோட பிள்ளைகளைப் பாரு’ன்னு ஒரு விதி. உள்ளே எழுத்து இருந்தா, ‘அப்படியே வெளியே கொட்டு’ன்னு இன்னொரு விதி. கமென்ட் மட்டும் போகாது. கல்யாணப் பந்தி மாதிரிதான். நீங்க இலையைக் கையால மறைக்காத வரைக்கும் எல்லாத்தையும் பரிமாறிட்டே போவாங்க!

அதே செல்போன் நம்பர் தனி டேக்கா இல்லாம அட்ரிபியூட்டா இருந்திருந்தா வந்திருக்காது. அட்ரிபியூட்டை ‘பிள்ளை’ கணக்குல சேர்க்கிறதில்லை, அதான். ஆனா அதை நம்பி இருக்க முடியுமா?

எப்படி அடக்குறது? நீங்க எழுதுற டெம்ப்ளேட்தான் எப்பவும் டிஃபால்ட்டை ஜெயிக்கும். எழுத்து நோடுகளுக்குன்னு ஒரு டெம்ப்ளேட் வெச்சு, உள்ளே ஒண்ணுமே எழுதாம விடுங்க. கொட்டுறது நின்னுடும். ஒரு எச்சரிக்கை... பெயருக்கான டெம்ப்ளேட்டுக்குள்ள வெறும் அப்ளை டெம்ப்ளேட்ஸ் போட்டிருந்தா, பெயரும் சேர்ந்து காணாமப் போயிடும். அங்கே வேல்யூ ஆஃப் போட்டு எடுங்க.

2017-ல வந்த 3.0 பதிப்புல வேலை இன்னும் சுலபம். மோட் அறிவிப்புல ‘ஆன் நோ மேட்ச்’னு ஒரே இடத்துல சொல்லிடலாம். ஷாலோ ஸ்கிப்னா எழுதாததை வெளியே விடாது. ஷாலோ காப்பின்னா டேக்கோட அப்படியே நகலெடுக்கும். ஃபெயில்னா எர்ரர் காட்டி நின்னுடும். ஆனா எக்ஸ்.எஸ்.எல்.டி. ப்ராக் மாதிரி 1.0 மட்டும் தெரிஞ்ச மென்பொருள்ல இது ஓடாது. சாக்ஸன் மாதிரி 3.0 தெரிஞ்சது வேணும்.

எது சரி? வேலையைப் பொறுத்தது. சிம்போசியம் பட்டியல்ல மறைக்கிறதுதான் நியாயம். எங்க ஆபீஸ்ல நேர் எதிர். புதுசா ஒரு அடிக்குறிப்பு டேக் வந்து, ஸ்டைல்ஷீட் அதைச் சத்தமில்லாம முழுங்கிட்டா, எழுத்தாளர் எழுதின வரியே புத்தகத்துல இருக்காது. காணாமப் போனது யார் கண்ணுலயும் படாது. அங்கே ஃபெயில்தான் உண்மையான நண்பன்.

அதனாலதான் எங்க டீம் லீட் அக்கா, யாரோட ஸ்டைல்ஷீட்டைப் பார்த்தாலும் முதல்ல கேட்கிறது இதுதான்: “நீ எழுதாத டேக் வந்தா என்ன ஆகும்?” பதில் சொல்லிட்டுத்தான் மத்த பேச்சு.

உங்க மினி ப்ராஜெக்ட்லயும் இதைச் செஞ்சு பாருங்க. இன்புட் ஃபைல்ல சம்பந்தமே இல்லாத ஒரு புது டேக்கைச் சேர்த்து, உள்ளே ‘ரகசியம்’னு எழுதி ஓட்டுங்க. அவுட்புட்ல அந்த வார்த்தை எட்டிப் பார்க்குதா, மறையுதா, எர்ரர் வருதா? மூணுல எது நடக்கணும்னு நீங்க நினைச்சீங்களோ, அதுதான் நடக்குதான்னு பார்த்துட்டு சப்மிட் பண்ணுங்க!