உதடு சிரித்தால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது முன்னோர் வாக்கு. அகமே இல்லாத முகத்தில் என்ன தெரியும்? கணிப்பொறி வரைந்து காட்டும் முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் என்னுள் எழும் வினா இது.

1972இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிரடெரிக் பார்க் என்பவர், பல்கோணங்களை இணைத்துக் கணிப்பொறியில் ஒரு மனித முகத்தை அசையச் செய்தார். அந்த முகத்துக்குத் தசையும் இல்லை, நரம்பும் இல்லை. எனினும் அத்தகைய முகத்தில் உதட்டோரம் உயர்ந்தால் மகிழ்ச்சி என்கிறோம். புருவங்கள் இறங்கி நெருங்கினால் சினம் என்கிறோம். ஏன்? நம் கண் தேடுவது அசைவைத்தான்.

முகத்தின் அசைவுகளுக்கு 1978இல் எக்மன், ஃபிரீசன் என்ற இரு உளவியலறிஞர்கள் எண்கள் கொடுத்தனர். கன்னம் உயர்வது 6. உதட்டோரம் இழுபடுவது 12. உயிருள்ள மனிதரிடம் ஒரு தசையை மட்டும் அசைக்கச் சொல்வது கடினம். கணிப்பொறி முகத்திலோ 12ஐ மட்டும் அசைத்து, 6ஐ அப்படியே விட்டுவிடலாம். அப்போது கிடைப்பது உபசாரச் சிரிப்பு! உண்மை மகிழ்ச்சியில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்று, மின்சாரத்தால் முகத் தசைகளைத் தூண்டிப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இலேயே எழுதிவிட்டார்.

இன்று இம்முகங்கள் நம் வீடுவரை வந்துவிட்டன. உழவர்களுக்கான டி.டி. கிசான் தொலைக்காட்சியில் 2024 மே மாதம் இரு செயற்கை அறிவிப்பாளர்கள் அறிமுகமாயினர். இவ்வகை உருவம் ஒன்று செய்தி வாசிப்பதைக் கைப்பேசியில் என் அம்மாவுக்குக் காட்டினேன். அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளைக்கு வாய் சிரிக்குது, கண்ணு சிரிக்கலியே" என்றார். துஷேன் சொன்னதும் அதுதானே!

ஆனால் அதே சிரிப்பை வீட்டிலும் கண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுதிக் கட்டணத்துக்காக அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போன அன்று, "நீ படிப்பைப் பாருடா" என்று அப்பா சிரித்தார். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

எண் கணக்கில் இரண்டும் ஒரே சிரிப்பு: 12 உண்டு, 6 இல்லை. ஆயினும் அப்பாவுக்கு மறைப்பதற்கு ஒரு துயரம் இருந்தது. திரையிலுள்ள முகத்துக்கு மறைப்பதற்கு எதுவுமே இல்லை! இந்த வேறுபாட்டைத் தசை சொல்லவில்லை. அவரோடு வாழ்ந்த வாழ்க்கை சொன்னது. ஒரே முகபாவம் சூழலுக்கேற்ப வெவ்வேறு பொருள் தரும் என்று லிசா ஃபெல்ட்மன் பாரெட் முதலிய அறிஞர்கள் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியுள்ளனர்.

கணிப்பொறி உருவாக்கிய முகப்படங்களை உண்மை முகங்களிலிருந்து மக்களால் பிரித்தறிய முடியவில்லை என்றும், அவற்றையே சற்றுக் கூடுதலாக நம்பினர் என்றும் 2022இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. கண்ணும் சிரிக்கும் காலத்தில் அம்மாவின் கூர்மை மட்டும் போதாது.

உள்ளத்து உணர்வு உடலில் தோன்றுவதையே தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். கணிப்பொறி முகத்தில் தோற்றம் உண்டு, உள்ளம் இல்லை. அதை இயக்குபவருக்கோ உள்ளமும் உண்டு, நோக்கமும் உண்டு. ஆகவே நண்பர்களே, முகம் சிரிக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், யாருக்காகச் சிரிக்கிறது என்றும் கேட்போம்!