தண்ணி அடிச்சா கரித்தூசி அடங்கிருமா?



பதிவு கொஞ்சம் நீளம். கற்பிட்டி, நுரைச்சோலை, பாலாவிப் பக்கம் வீடோ சொந்தமோ உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்களும் வாசிக்கலாம். உங்கள் வீட்டு பல்ப் எரிவதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

நிலக்கரித் தூசி பற்றி எங்கே பேச்சு வந்தாலும் யாராவது ஒருவர் "தண்ணி அடிச்சா அடங்கிரும்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். மண் புழுதி தண்ணீருக்கு அடங்கும் என்பது வாசல் தெளிக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் நிலக்கரித் தூசி மண் புழுதி இல்லை. அதன் மூலக்கூறு அமைப்பே வேறு. சாதாரண தரம் வரை விஞ்ஞானம் படித்த யாருக்கும் இது விளங்கும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவது உச்சமுனையிலிருந்து. நுரைச்சோலை எங்களுக்குத் தெற்கே வெகு தூரம். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு மாமி வீடு, சாச்சி வீடு எல்லாம் அந்தப் பக்கம்தான். லக்விஜய அனல் மின்நிலையத்தில் 300 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள் இருக்கின்றன. முதலாவது 2011 இலும் மற்ற இரண்டும் 2014 இலும் இயங்கத் தொடங்கின. நாட்டிலேயே பெரிய மின்நிலையம் அதுதான். எரிக்கிற கரி முழுவதும் தென்னாப்பிரிக்கா, ரஷ்யா, இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. கப்பல் கரைக்கு வர முடியாததால் நடுக்கடலில் வைத்தே கரியை பார்ஜ்களுக்கு மாற்றி இறங்குதுறைக்குக் கொண்டு வருகிறார்கள்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சோளகக் காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை கரி இறக்குவது சிரமம். அதனால் அந்த மாதங்களுக்கு வேண்டிய கரியை முன்கூட்டியே முற்றத்தில் குவித்து வைக்க வேண்டும். அதாவது, கடலிலிருந்து ஊர்ப்பக்கம் காற்று ஆகப் பலமாக வீசத் தொடங்கும் நேரத்தில்தான் குவியலும் ஆகப் பெரிதாக இருக்கும். புத்தளக் கரையில் அந்த மாதங்களில் மழையும் குறைவு. அப்போது எல்லாரும் நம்பியிருப்பது தண்ணீரைத்தான்.

தரம் 10 பிள்ளை ஒருத்தி வகுப்பில் கேட்டாள்: "சேர், தண்ணி அடிக்கிறாங்க தானே, பொறகும் ஏன் தூசி பறக்குது?"

வாயால் பதில் சொல்வதை விடச் செய்து காட்டலாம் என்று நினைத்தேன். சிரட்டைக்கரியை இடித்து அரிதட்டில் அரித்தோம். இரண்டு கிளாஸில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் அடுப்புச் சாம்பலையும் மற்றதில் கரித்தூளையும் மெதுவாகத் தூவினோம். சாம்பல் நனைந்து இறங்கியது. கரித்தூள் பாடம் முடியும் வரை மேலேயே மிதந்தது. விரலால் அமுக்கினால் விரலில் ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. பிறகு பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் ஒரு துளி விட்டோம். கரித்தூள் விலகி ஓடி, நனைந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியது. சிரட்டைக்கரியும் நிலக்கரியும் ஒன்றல்ல. சிரட்டைக்கரியின் துளைகளில் காற்று நிறைய இருக்கும். ஆனாலும் நிலக்கரித் தூசி எவ்வளவு நேரத்தில் மூழ்குகிறது என்று ஆய்வுகூடங்களில் பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

இப்போது காரணத்துக்கு வருவோம்.

தண்ணீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் தண்ணீரின் பரப்பிழுவிசை அதிகம். 25 பாகை செல்சியஸில் மீற்றருக்கு 72 மில்லிநியூட்டன். தண்ணீர் இன்னொரு பொருளில் பரவ வேண்டுமானால், அந்தப் பொருளிலும் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும். ஒட்சிசன் உள்ள கூட்டங்கள்தான் அந்தப் பிடி. மண்ணும் மணலும் சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்தவை; எங்கே தொட்டாலும் பிடி கிடைக்கும். அதனால் உடனே நனையும்.

நிலக்கரியின் உடம்பு வேறு. பென்சீன் வளையங்கள் பல ஒட்டிக் கொத்துக் கொத்தாக இருக்கும். அவற்றின் ஓரத்தில் காபனும் ஐதரசனும் மட்டுமே உள்ள சங்கிலிகள் தொங்கும். இவை எண்ணெயின் இனம். தண்ணீருக்குப் பிடி கொடுக்காது. இடைக்கிடையே ஐதரொட்சில், காபொட்சில் கூட்டங்கள் இருந்தால் அங்கே மட்டும் தண்ணீர் ஒட்டும். அப்படிப்பட்ட இடங்கள் எத்தனை என்பதில்தான் கரி நனைவதும் நனையாததும் இருக்கிறது.

இது கரிக்குக் கரி மாறும். நெய்வேலியில் எடுக்கிற பழுப்பு நிலக்கரி வயதில் இளையது. அதில் ஒட்சிசன் கூட்டங்கள் நிறைய. தோண்டி எடுக்கும்போதே ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். பூமிக்குள் இன்னும் நெடுங்காலம் வெந்து அழுந்திய பிட்டுமினஸ் கரியில் ஒட்சிசன் குறைந்து வளையங்கள் கூடும். வெப்பம் நன்றாகத் தருவதும் அதுதான், தண்ணீரைத் தள்ளுவதும் அதுதான். சுரங்கங்களில் இந்தக் குணத்தை வைத்தே கரியைச் சுத்தம் செய்கிறார்கள். நுண்ணிய கரியைத் தண்ணீரில் கலந்து காற்றுக் குமிழி விட்டால், கரி குமிழியில் ஒட்டி மேலே வரும். களிமண் தண்ணீரோடு கீழே நிற்கும். அங்கே உதவுகிற அதே குணம் கரி முற்றத்தில் நமக்கு எதிராக நிற்கிறது.

நம் ஆட்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்கிறேன். வுழூ எடுக்கும்போது கையில் மெழுகோ பெயின்ட்டோ ஒட்டியிருந்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வுழூ கூடாது. தண்ணீர் தோலைச் சேர வேண்டும். ஊற்றுவது வேறு, சேர்வது வேறு. கரித்தூசியிலும் கேள்வி இதுதான்.

இன்னொரு சிக்கல் தூசியின் அளவு. சுவாசப்பையின் அடி வரை போவது 2.5 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த துகள். பெரிய நீர்த்துளி காற்றில் போகும்போது இந்தச் சின்னத் துகள் காற்றோடு வளைந்து துளியைச் சுற்றிப் போய்விடும். மோதினாலும் நனையாவிட்டால் பல துகள்கள் துளிக்குள் போகாது. ஆகவே துளியும் சின்னதாக இருக்க வேண்டும், தண்ணீரும் நனைக்கிற தண்ணீராக இருக்க வேண்டும்.

"கடல் தண்ணி அடிக்கலாமே சேர்" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. உப்பு, தண்ணீரின் பரப்பிழுவிசையைக் குறைக்காது. சற்றுக் கூட்டவே செய்யும். அந்த உப்பு பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஆகாது.

அப்படியானால் சவர்க்காரம் கலந்தால் என்ன? உலகில் பல சுரங்கங்களில் நனைப்பான்கள் கலக்கிறார்கள். அந்த மூலக்கூறின் வால் கரியில் படியும், தலை தண்ணீரைப் பிடிக்கும். பற்பசையில் நுரை வரச் சேர்க்கிற சோடியம் டோடெசில் சல்பேட்டும் இந்த இனம்தான். ஆனால் கற்பிட்டித் தீபகற்பம் மணல் தரை. மேலே ஊற்றுவது எதுவும் கீழே இறங்கும். அந்த மணலுக்குள் இருக்கிற தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கிறோம். அதனால் எதைக் கலந்தாலும், வழிகிற தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். காற்றுத்தடுப்பு வேலி, மூடிய பட்டி, இறுக்கி மூடிய குவியல், மரவேலி எல்லாம் வேண்டியிருப்பது இதனால்தான். தண்ணீர் அதில் ஒரு பங்கு மட்டுமே.

சாம்பலையும் கரியையும் ஒன்றாகப் பேசுவதும் சரியில்லை. மின்நிலையச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும். அது தண்ணீருக்கு இணங்கும். காய்ந்தால் திரும்பப் பறக்கும், அது வேறு கதை. கறுப்புத் தூசிக்கும் சாம்பல் நிறத் தூசிக்கும் மருந்து ஒன்றல்ல. வீட்டு ஜன்னலில் படிந்தது எது என்று பார்க்க, அதைத் தண்ணீரில் தூவிப் பார்ப்பதே முதல் படி.

ஆகவே இனி யாராவது "தண்ணி அடிக்கிறோம்" என்றால், சண்டை வேண்டாம், இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. இந்த முறை வந்த கரி எது? அது நனைகிறதா என்று சோதித்தீர்களா?

2. வெறும் தண்ணீரா, ஏதாவது கலந்ததா? வழிகிற தண்ணீர் எங்கே போகிறது?

3. குவியலின் மேலே மட்டும் அடிக்கிறீர்களா, கரி விழுகிற இடங்களிலும் அடிக்கிறீர்களா? துளியின் அளவு என்ன?

4. மே முதல் செப்டெம்பர் வரைக்கும் தனி ஏற்பாடு என்ன?

5. காற்றில் தூசி எவ்வளவு என்ற அளவீட்டை ஊர் மக்கள் எங்கே பார்க்கலாம்? 2.5 மைக்ரோமீற்றர் தூசிக்கு நம் நாட்டு 24 மணித்தியால எல்லை ஒரு கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சொன்னது 15.

மின்சாரம் நமக்கு வேண்டும், அதில் பேச்சில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுத்தமான மூச்சும் வேண்டும். கேள்வி சரியாக இருந்தால்தான் பதில் சொல்பவரும் சரியாகச் சொல்ல வேண்டி வரும்.

அந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் யாராவது இந்தக் கிளாஸ் சோதனையை வகுப்பில் செய்து பார்த்தால் கீழே எழுதுங்கள். செலவு ஒன்றும் இல்லை. இரண்டு கிளாஸ், ஒரு பிடி கரி, ஒரு துளி சவர்க்காரம்.