ஈயம் பூசிய மூக்கு

நம் உடம்பில் இருக்கும் உறுப்புகளில் மூக்கைப்போல் நன்றி கெட்ட எஜமானர்களிடம் வேலை பார்க்கும் உறுப்பு வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. கண் கொஞ்சம் மங்கினால் கண்ணாடிக் கடைக்கு ஓடுகிறோம். பல் வலித்தால் ஊரைக் கூட்டுகிறோம். மூக்கையோ ஜலதோஷம் பிடித்தால்தான் நினைத்துக் கொள்கிறோம்! ஆனால், சகோதரிகளே, அடுக்களை ராஜ்யத்தை நடத்துவது யார் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கூடத்தில் உட்கார்ந்து தொடர்கதை படித்துக் கொண்டிருக்கும்போது, “ஐயோ, பால் அடிப்பிடிக்கிறதே!” என்று உங்களைத் துள்ளி எழச் செய்வது எது? ரசம் நுரைத்து இறக்கவேண்டிய தருணம் வந்துவிட்டதென்று சொல்வது எது? எல்லாவற்றுக்கும் மேலாக, காஸ் கசிகிறது என்று எச்சரிப்பது எது?

இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாம் “காஸ் நாற்றம்” என்று சொல்கிறோமே, அது காஸின் நாற்றமே அல்ல. சிலிண்டரில் இருக்கும் புரோப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வாசனை கிடையாது. மெர்காப்டன் என்ற துர்நாற்றச் சரக்கை வேண்டுமென்றே துளியூண்டு கலக்கிறார்கள். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் நியூ லண்டன் என்ற ஊர். 1937 மார்ச்சில் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் வாசனையற்ற எரிவாயு கசிந்து சேர்ந்திருந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரே ஒரு தீப்பொறி! இறந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் டெக்ஸாஸில் வாயுவுக்கு நாற்றம் சேர்க்கவேண்டும் என்று சட்டமே வந்தது.

ஆக, நம் வீட்டின் பத்திரமெல்லாம் மூக்கை நம்பி இருக்கிறது. மூக்கோ லேசில் நம்பத்தக்க ஆசாமி இல்லை. ஒரே வாசனையில் சிறிது நேரம் இருந்தால் பழகிப்போய் வாயை மூடிக்கொண்டுவிடும். இரவில் நாம் தூங்கினால் அதுவும் கூடவே தூங்கும். வயதானால் தளரும். சில சமயம் அடியோடு விடைபெற்றுக்கொண்டும் போய்விடும்.

என் அத்தைக்கு அப்படித்தான் நேர்ந்தது. அத்தையின் மூக்கு எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். எதிர்வீட்டு சாம்பாரில் பெருங்காயம் போதவில்லை என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். 2021ஆம் வருஷம் கொரோனா வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போயிற்று. வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. “காப்பி வெந்நீர் மாதிரி இருக்கிறதடி. மல்லிகைப்பூ காகிதப்பூவாகிவிட்டது” என்றாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாம்பலத்தில் தனியாக இருக்கும் 74 வயது மனுஷி. அடுப்பை அணைத்தோமா, குழாய் கசிகிறதா என்று ஒன்றும் தெரியாமல் ராத்திரி இரண்டு தடவை, மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை வெளியூரிலிருந்து ஓர் எச்சரிக்கைப் பெட்டி வாங்கி அனுப்பினான். சோப்புப் பெட்டி அளவு. ஒரு பச்சை விளக்கு. காஸ் பட்டால் ஊளையிடும். “இதற்குள் என்னதான் இருக்கிறது?” என்று அத்தை கேட்டாள். எனக்கும் தெரியாது. தேடிப் படித்தேன். விடையைக் கேட்டதும் அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் உள்ளே இருப்பது ஈயச்சொம்பு!

ஆமாம், நாம் ரசம் வைக்கிற அதே வெள்ளீயம்தான். அது பிராணவாயுவோடு சேர்ந்து உண்டாகும் ஆக்ஸைடுதான் அந்தப் பெட்டியின் மூக்கு. ஈயச்சொம்பு நாளாவட்டத்தில் பளபளப்புக் குறைந்து மங்குகிறதல்லவா? அந்த மங்கலிலும் இந்த ஆக்ஸைடு ஒரு மெல்லிய போர்வையாக இருக்கிறது. ஆனால் குணத்தில் இரண்டும் நேர் எதிர். வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்தால் என்னாகும் என்று உங்களுக்குத் தெரியும். 232 டிகிரியிலேயே உருகி ஓடிவிடும். மாமியாரிடம் பாட்டு கேட்கவேண்டியதுதான்! அதன் ஆக்ஸைடோ 300, 400 டிகிரி சூட்டிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பெட்டிக்குள் அதை அந்தச் சூட்டில்தான் வைத்திருக்கிறார்கள்.

சூடான அந்தப் பூச்சின்மேல் காற்றிலுள்ள பிராணவாயு வந்து ஒட்டிக்கொள்கிறது. சும்மா ஒட்டுவதில்லை. பூச்சுக்குள் மின்சாரத்தைச் சுமந்து ஓடும் எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மின்சார ஓட்டம் குறைகிறது. காஸ் கசிந்து வந்தால் அது அந்தப் பிராணவாயுவோடு சேர்ந்து எரிந்து, அதைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறது. சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் விடுதலையாகி மறுபடி ஓடுகின்றன. மின்சாரம் திடீரென்று கூடுகிறது, மணி அடிக்கிறது! மெர்காப்டனின் நாற்றத்துக்காக அது காத்திருப்பதில்லை, வாயுவையே கண்டுகொள்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர். 1962இல் கியூஷு சர்வகலாசாலையில் ஸெய்யாமாவும் அவருடைய கூட்டாளிகளும் சூடான துத்தநாக ஆக்ஸைடு படலம் வாயுக்களை இனம் காண்பதை வெளியிட்டார்கள். அதே வருஷத்தில் தாகுச்சி என்பவர் வெள்ளீய ஆக்ஸைடை வைத்துக் கருவி செய்தார். ஜப்பானிய வீடுகளில் அப்போது சிலிண்டர் காஸ் பரவிக்கொண்டிருந்தது, கூடவே விபத்துக்களும். 1968இல் அவருடைய கருவி பெருமளவில் தயாராகத் தொடங்கியது.

இனிமேல்தான் விஷயத்தின் ருசியான பகுதி. பிராணவாயு பிடித்துவைக்கும் எலெக்ட்ரான்கள் மேல்தோலில் உள்ளவை மாத்திரமே. அந்தத் தோலின் ஆழம் ஏறக்குறைய 3 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் கனம் 70,000 நானோமீட்டர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! அகலமான சாலையில் இரண்டு ஓரத்திலும் கைவண்டிகள் நின்றால் போக்குவரத்து நிற்பதில்லை. குறுகிய சந்தில் அதே இரண்டு வண்டிகள் நின்றால் நடந்துகூடப் போகமுடியாது. பூச்சும் அப்படித்தான். கனமாக இருந்தால் மேலே நடக்கிற கூத்து உள்ளே எட்டாது. மெலிதாக இருந்தால் தோலே பழம் என்றாகிவிடுகிறது. 1991இல் கியூஷுவில் யமஸோயேயின் குழுவினர், ஆக்ஸைடு மணிகள் 6 நானோமீட்டருக்கும் சிறிதாகும்போது உணர்வு திடீரென்று கூர்மையடைவதைக் காட்டினார்கள்.

அவ்வளவு மெல்லிய படலத்தை எப்படி வளர்ப்பது? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றை வெளியேற்றிய ஓர் அறைக்குள் வெள்ளீயம் கலந்த ஆவியை அனுப்புகிறார்கள். இலைக்கு ஓர் ஆள் வீதம் உட்கார்ந்தாயிற்று என்றால் மேற்கொண்டு ஒருவருக்கும் இடமில்லை. மிச்சக் கூட்டத்தை வெளியே துரத்திவிட்டு நீராவியையோ ஓசோனையோ விடுகிறார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் ஆக்ஸைடாக மாறுகிறார்கள். மறுபடி அடுத்த பந்தி. ஒரு பந்திக்கு 0.1 நானோமீட்டர் வளர்ந்தால் அதிகம்! 6 நானோமீட்டருக்கு 60 பந்திக்குக் குறையாது. ஃபின்லாந்தில் துவோமோ ஸுன்டோலா 1974இல் இந்த முறைக்கு உரிமை கோரி விண்ணப்பித்தார்; அவர் மனத்தில் இருந்தது மூக்கல்ல, ஒளிரும் திரைகள். ரஷ்யர்கள் லெனின்கிராடில் 1960களிலேயே இதே வழியில் இறங்கியிருந்தார்கள். வளர்ந்த கனத்தை அளக்க, ஒளியைச் சாய்வாக விழச்செய்து அது திரும்பும் விதத்தைப் பார்க்கிறார்கள். சோப்புக் குமிழியின் நிறத்தைக் கொண்டு அதன் மெல்லிசைச் சொல்வதற்கு இது தூரத்து உறவு.

இவ்வளவு சாமர்த்தியம் எதற்கு? அத்தை வீட்டுப் பெட்டியைக் கேளுங்கள். கடையில் கிடைக்கும் பெட்டிகள் பலவற்றில் இருப்பது பொடியைச் சுட்டு இறுக்கிய கனத்த பூச்சு. அதைச் சூடாக வைத்திருக்க எப்போதும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் பெட்டியும் கண்ணை மூடிவிடும். மெல்லிய படலத்தை ஒரு கடுகளவு சில்லின்மேல் வளர்த்தால் மிகச் சொற்ப மின்சாரம் போதும், பாட்டரியே தாங்கும். ஆனால் 300 டிகிரியில் மாதக்கணக்காக இருந்தால் சின்ன மணிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகிவிடுகின்றன, கூர்மை மழுங்குகிறது. மழைக்கால ஈரம் வேறு பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்தச் சண்டை ஆராய்ச்சிசாலைகளில் இன்னும் ஓயவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்த மூக்குக்கு ஆள் அடையாளம் போதாது. எரியக்கூடிய எந்த ஆவி வந்தாலும் “காஸ், காஸ்!” என்று கத்தும். அத்தை கைக்கு ஸானிடைஸர் தடவினாள். அதில் சாராயம் இருக்கிறதல்லவா? பெட்டி ஊளையிட்டது. பேத்தி வந்து வாசனைத் திரவியம் பீய்ச்சிக்கொண்டாள்; மறுபடி ஊளை. “இதற்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை” என்று அத்தை பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்! ஒரு வாரம் அது குருட்டுப் பெட்டியாகக் கிடந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. பொய்க் கூச்சல் என்பது வெறும் தொந்தரவு அல்ல; உண்மையான கூச்சலைக் கேட்க ஆளில்லாமல் செய்துவிடுகிறது. சாராய ஆவியைத் தடுக்கக் கரி வடிகட்டி வைத்த கருவிகள் இருக்கின்றன என்று தெரிந்ததும் அப்படி ஒன்று தேடி வாங்கினோம்.

மாட்ட வந்த ஆள் அதைப் பரணுக்குப் பக்கத்தில், சாமி படத்துக்கு மேலே மாட்டப் போனார். தடுத்தேன். சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். பெட்டி தரையிலிருந்து ஓர் அடிக்குள் இருக்கவேண்டும். குழாயில் வரும் இயற்கை வாயு என்றால் லேசானது. அப்போது கூரைக்கு அருகில்தான் சரி. பெட்டி கத்தினால் எந்த மின்சார ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே போய் நின்று கூப்பிடவேண்டும். அத்தை இதை இரண்டு தடவை ஒத்திகை பார்த்தாள்.

இந்த மூக்குக்கும் ஆயுசு உண்டு. எந்த வருஷம் மாற்றவேண்டும் என்று பெட்டியின் முதுகில் அச்சடித்திருக்கிறது. அத்தை அதைப் படித்து, தினசரிக் காலண்டரின் அட்டையில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாள், ஆவக்காய் போட்ட தேதிக்குக் கீழே.