குறியும் காற்றும்

1860ஆம் ஆண்டு யூலை மாதம் 2ஆம் திகதி, இலண்டனுக்கு அருகிலுள்ள விம்பிள்டன் வெளியிலே, பிரித்தானியத் தேசிய றைபிள் சங்கத்தின் முதலாவது போட்டியை விக்ரோறியா மகாராணி தொடக்கி வைத்தார். விற்வேர்த் என்னும் பொறியியலாளர் ஆக்கிய றைபிள் ஒன்று தாங்கியொன்றில் அசையாவண்ணம் பொருத்தப்பட்டு, 400 யார் தொலைவிலிருந்த இலக்கை நோக்கி முன்னதாகவே குறிபார்க்கப்பட்டிருந்தது. விசையிலே கட்டப்பட்ட பட்டுக் கயிற்றை இழுப்பதொன்றே அரசியாரின் பணி. குண்டு இலக்கின் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத் தூரத்திற் பட்டது.

இந்நிகழ்ச்சியை அரசியாரின் திறமைக்குச் சான்றாக எவரும் கொள்வதில்லை. ஆயினும், நெடுந்தூரக் குறிசூட்டைப் பயிலப் புகுவோன் முதலிற் சிந்திக்க வேண்டிய செய்தி இதுவேயாகும். கருவி அன்றே ஏறத்தாழ நேராகச் சுட்டது. தாங்கியை அகற்றிவிட்டு அவ்விடத்தில் மூச்சும் நாடித்துடிப்பும் அச்சமும் உடைய மனிதனொருவனைக் கிடத்தும்போதே சிக்கல் தொடங்குகிறது. புதியவர்கள் பெரும்பாலும் இதனை உணர்வதில்லை. குறி தவறியதும் விலையுயர்ந்த றைபிளையும் தொலைநோக்கியையும் தேடி ஓடுவர்.

துவக்கு என்ற சொல்லை விளையாட்டுப் பொருளொன்றின் பெயராகக் கேட்பது, 2009இல் முடிவுற்ற நீண்ட போரைக் கண்ட இந்நாட்டு வாசகருக்கு எளிதன்று. தாளிலே வரைந்த வட்டத்தையன்றி வேறெதனையும் நாடாத கலையொன்று இதில் இருக்க முடியுமா என்ற ஐயம் நியாயமானதே. அவ்வையத்தை நீக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால், அக்கலையைப் பயில்வோன் தன் நேரத்திற் பெரும்பகுதியைத் தன் உடலோடும் கண்ணோடும் பொய்யோடும் போராடுவதிலேயே செலவிடுகிறான் என்பது நோக்கற்குரியது.

முதலில் உடல். படுத்த நிலையிற் சுடுபவன் றைபிளைத் தசைகளின் பலத்தால் இலக்கின்பால் இழுத்துப் பிடிக்க முயன்றால், தசைகள் சிறிது நேரத்திற் களைத்துக் குழலை வேறு திசைக்குக் கொண்டுபோகும். எலும்புகளே பாரத்தைத் தாங்க வேண்டும். இதனைச் சோதிப்பதற்கு எளிய வழியொன்றுண்டு. குறிபார்த்த பின் கண்களை மூடி, இரண்டொரு முறை மூச்சுவிட்டு, மீண்டும் திறந்து பார்க்க வேண்டும். குறி இடப்பக்கம் விலகியிருந்தால் கையால் அதனைத் திருத்தலாகாது. உடல் முழுவதையும் சற்றே நகர்த்திக் கிடத்த வேண்டும். மூச்சு வெளியேறியபின் இயல்பாகவே வரும் சிறு ஓய்வைச் சில விநாடிகள் நீட்டி, அதற்குள் விசையை அழுத்தி முடித்தல் வேண்டும். அதற்குமேல் அடக்கினால் கண் மங்கும். மங்குவதை அவன் உணர்வதுமில்லை.

விசையை அழுத்துவதில் உள்ள இடர் இன்னும் நுண்ணியது. வெடியோசையையும் தோளில் விழும் பிடங்கின் இடியையும் எதிர்பார்த்து, சூடு நிகழுமுன்பே உடல் சுருங்கிவிடும். சுடுபவன் இதனை மறுப்பான். தான் அசையவேயில்லை என்று சத்தியமும் செய்வான். பழைய பயிற்சியாளர்கள் அவனோடு வாதிடுவதில்லை. தோட்டாக்களுக்கிடையே வெற்றுத் தோட்டா ஒன்றை அவன் அறியாமற் கலந்துவிடுவர். விசை 'டிக்' என்ற ஒலியோடு நிற்கும். குழலோ படீரெனக் கீழே தாழும். அதனைத் தன் கண்ணாற் கண்டவனுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பின்னர் அவன் வாரக்கணக்கில் தோட்டாவின்றியே விசையை அழுத்திப் பயில்வான். செலவற்ற இப்பயிற்சியைப் போன்று பயன் தருவது வேறில்லை. இதனைப்போற் சலிப்பூட்டுவதும் வேறில்லை.

அடுத்தது கண். துரோணர் மரத்திலே பறவையொன்றை வைத்து, என்ன தெரிகிறதென்று சீடர்களை வினாவிய கதை யாவரும் அறிந்ததே. பறவையின் தலையன்றி வேறெதுவும் தெரியவில்லை என்ற அருச்சுனனுக்கே நாணை விடும் உரிமை கிடைத்தது. தொலைநோக்கியின்றி, முன்குறியையும் பின்குறியையும் கொண்டு சுடும் றைபிள் திடலில் இவ்விடை பொருந்தாது. மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தை மட்டுமே தெளிவாகக் காணவல்லது. தெளிவாகத் தெரியவேண்டியது முன்குறி. இலக்கு மங்கலாயிருப்பினும் குற்றமில்லை. இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம் 70 சென்ரிமீற்றர் என்று கொண்டால், முன்குறி ஒரு மில்லிமீற்றர் பிசகினாற் குண்டு 1000 யார் தொலைவில் ஏறத்தாழ 1.3 மீற்றர் விலகிப் போகும். இலக்கின்மீதுள்ள ஆசையால் அதனையே உற்றுநோக்குபவன் இந்த ஒரு மில்லிமீற்றரைக் காணாமல் விடுகிறான்.

இனி, சுட்டபின் நிகழ்வது. ஒரு குண்டு வலப்பக்கம் பட்டதும் குறியை இடப்பக்கம் திருகுவதும், அடுத்தது மேலே பட்டதும் கீழே திருகுவதும் புதியவரின் இயல்பு. திருத்துகிறோம் என்ற நிறைவு அவர்களுக்கு உண்டாகும். புள்ளியியலாளர் டெமிங் புனலொன்றின் வழியே கோலிக் குண்டுகளை விழவிட்டுக் காட்டிய சோதனை இதற்குப் பொருத்தமானது. புனலை அசையாது வைத்தாலும் குண்டுகள் சற்றே சிதறியே விழும். முந்திய பிழையை ஈடுசெய்யவென ஒவ்வொரு முறையும் புனலை நகர்த்தினாலோ, சிதறலின் அளவான மாறற்றிறன் இருமடங்காகிறது. ஆகவேதான் ஐந்து அல்லது பத்துக் குண்டுகளை ஒரே குறியிற் சுட்டு, அவை கூடும் இடத்தைக் கண்ட பின்னரே திருகைத் தொடவேண்டும் என்பர். இதனோடு ஒரு குறிப்பேடும் வேண்டும். குண்டு பட்ட இடத்தைப் பார்க்கு முன்னரே, அது எங்கே பட்டிருக்கும் என்று சுட்டவன் தன் கணிப்பை அதில் எழுத வேண்டும். கணிப்பும் பட்ட இடமும் ஒத்திருந்தால் பிழை தன்னுடையது; ஒவ்வாதிருந்தால் றைபிளையோ காற்றையோ ஐயுறலாம். பார்த்தபின் எழுதும் ஏடு எழுதாத ஏட்டினும் கெட்டது.

காற்றோ தனியொரு சாத்திரம். இன்று பரவலாக வழங்கும் .308 வகைத் தோட்டாவைக் குறுக்கே வீசும் மணிக்கு 10 மைல் வேகக் காற்று, 100 யாரில் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றரே நகர்த்தும். 1000 யாரிலோ இரண்டு மீற்றருக்கு மேல். தூரம் பத்து மடங்காக, விலகல் நூறு மடங்காகிறது. குறுந்தூரத்தில் நன்கு சுட்டவன் நெடுந்தூரத்திலே திகைத்து நிற்பதற்குக் காரணம் இதுவே. இலக்கருகிலுள்ள கொடியை மட்டும் பார்ப்பது போதாது. தன்னருகே வீசும் காற்று குண்டைத் தொடக்கத்திலேயே திருப்பிவிடுவதால் அதன் விளைவு வழிநெடுக வளரும். வெயிற் காலத்திற் கானலும் உதவும். தொலைநோக்கியில் அதன் அலைகள் சாய்ந்தோடினாற் காற்றுக் குறுக்கே வீசுகிறது. நேர்மேலே கொதித்தெழுந்தாற் காற்று ஓய்ந்துள்ளது, அல்லது நேரே வருகிறது, அல்லது திசை மாறப்போகிறது. ஏமாற்றத்துக்கு உவமையாக நம் புலவர்கள் கையாண்ட கானல், இங்கே நம்பத்தக்க சாட்சியாய் நிற்பது சுவையானதே.

இவற்றையெல்லாம் குறுகிய காலத்திற் கற்றுத் தேர்ந்த புதியவர்களும் இருந்திருக்கின்றனர். 1873இல் விம்பிள்டனில் எல்கோ கேடயத்தை வென்ற அயர்லாந்து அணியினர், பின்னர் அமெரிக்கரைப் போட்டிக்கு அழைத்தனர். அமெரிக்காவில் நெடுந்தூரச் சூட்டுப் பழக்கம் அரிது; அதற்கேற்ற றைபிள்களையே றெமிங்ரன், சாப்ஸ் ஆகிய நிறுவனங்கள் புதிதாக ஆக்க வேண்டியிருந்தது. 1874 செப்டெம்பர் 26ஆம் திகதி, நியூயோர்க்கின் லோங் ஐலண்டிலுள்ள கிறீட்மூர் திடலில் அணிக்கு அறுவராகச் சந்தித்தனர். 800, 900, 1000 யார் தூரங்களில் ஒவ்வொருவரும் பதினைந்து முறை சுட்டனர். நடுச்சதுரத்திற் பட்டால் நான்கு புள்ளிகள். 800 யாரில் அமெரிக்கர் 326–317 என முந்தினர்; ஏனைய இரு தூரங்களிலும் அயர்லாந்தினரே மேலோங்கினர். ஒரேயொரு சூடு எஞ்சியிருந்த வேளையில் அயர்லாந்து 931, அமெரிக்கா 930. சுடவேண்டியவர் ஜோன் போடைன். சற்று முன்னர்தான் இஞ்சிப் பானப் போத்தல் ஒன்று உடைந்து அவருடைய கையைக் கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்தார். இலக்கின் எந்த மூலையிற் பட்டாலும் வெற்றி; படாவிட்டால் தோல்வி. குண்டு நடுச்சதுரத்திற் பட்டது. 934–931.

போடைனின் குருதி தோய்ந்த கைக்குட்டையையே பலரும் கதையாகச் சொல்வர். அயர்லாந்து அணியின் மில்னர் என்பார் அன்று சுட்ட இன்னொரு சூடே பயில்வோனுக்கு அதிகம் பயன்படும். அவருடைய குண்டு நடுச்சதுரத்தைத் துல்லியமாகத் துளைத்தது. ஆனால் அது பக்கத்து இலக்கின் நடுச்சதுரம். புள்ளி பூச்சியம். அந்நான்கு புள்ளிகளும் கிடைத்திருந்தால் அயர்லாந்தின் மொத்தம் 935 ஆகியிருக்கும். பறவையின் தலையை மட்டுமே கண்ட அருச்சுனனின் பார்வை அவருக்கும் வாய்த்திருந்தது போலும். பறவை எம்மரத்தில் இருந்தது என்பதே தவறிப்போயிற்று.

இது பழங்காலத்துப் பிழையன்று. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், 50 மீற்றர் மூன்றுநிலை றைபிள் போட்டியின் கடைசிச் சூட்டுக்கு வந்தபோது அமெரிக்காவின் மத்தியு எமன்ஸ் மூன்று புள்ளிகள் முன்னே நின்றார். சுமாரான சூடொன்றே தங்கத்துக்குப் போதும். அவர் சுட்டார், அவருடைய இலக்கில் எதுவும் பதிவாகவில்லை. குண்டு அயற்தடத்துக்காரரின் இலக்கிற் பட்டிருந்தது. எட்டாம் இடத்துக்கு இறங்கினார். திடல்களிலே ஒவ்வோர் இலக்குக்கும் பெரிதாக ஓர் இலக்கம் இடப்பட்டிருக்கும். முதலில் அதனை வாசித்து, அதன்பின்னர் குழலைத் தாழ்த்தி இலக்குக்கு வருவதே முறை. இதற்கு ஒரு விநாடியும் ஆகாது.