பின் ஸீட்டிலிருந்து குற்றாலம்

குற்றாலத்துக்குப் போகப் பல வழிகள் உண்டு. ரயிலேறித் தென்காசியில் இறங்கலாம். பஸ்ஸில் போகலாம். சித்தப்பா, பெரியப்பா குடும்பங்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வேன் பிடித்து, புளியோதரைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டும் போகலாம். இந்தத் தடவை நான் போனது மோட்டார் சைக்கிளில். ஓட்டிக்கொண்டு அல்ல, பின்னால் உட்கார்ந்துகொண்டு!

சிரிக்காதீர்கள். இதில் ஒரு ஆராய்ச்சி அடங்கியிருக்கிறது.

என் கணவருக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஆறு மாதமாக எங்கள் வீட்டு வராந்தாவில் சாயங்காலமானால் ஒரு சபை கூடிவிடும். என் கணவர், என் கொழுந்தன், என் கணவரின் சிநேகிதர் ஆகிய மூவரும் அதன் நிரந்தர அங்கத்தினர்கள். எந்த வண்டிக்கு எத்தனை குதிரைச் சக்தி, எது எவ்வளவு மைலேஜ் கொடுக்கும், எது எத்தனை நொடியில் அறுபதைத் தொடும் என்றெல்லாம் காரசாரமான விவாதம் நடக்கும். காபி கொடுக்கப் போன நான் ஒருநாள் கேட்டேன்: "பின்னால் உட்காருகிறவர்களைப் பற்றி யாராவது ஏதாவது பேசுகிறீர்களா?"

"அதற்கென்ன? எல்லா வண்டியிலும்தான் பின் ஸீட் இருக்கிறதே!" என்றார் என் கணவர்.

மறுநாள் இதை ஆபீஸில் சொன்னேன். ஆசிரியர் சிரித்தார். "குற்றாலத்தில் சீஸன் ஆரம்பித்துவிட்டது. போய்விட்டு வாருங்கள். சாரலைப் பற்றியும் எழுதுங்கள், ஸீட்டைப் பற்றியும் எழுதுங்கள்" என்றார்.

அப்படிப் புறப்பட்டதுதான் இந்தப் பிரயாணம். மூன்று வண்டிகள், ஐந்து பேர். ஐந்தாவது ஆள், சிநேகிதரின் மனைவி. வழியில் வண்டி மாறும். ஆனால் எனக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவர் மாறமாட்டார். அப்போதுதானே ஒப்பிடுவதில் நியாயம் இருக்கும்!

வண்டிகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இனத்தைச் சொல்கிறேன். கொழுந்தனுடையது பந்தய வண்டி மாதிரியானது. குனிந்து ஓட்ட வேண்டும். சிநேகிதருடையது பழம்பாணியில் செய்த கனமான வண்டி. நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாகப் போவது. மூன்றாவது, இந்தப் பிரயாணத்துக்காகவே என் கணவர் இரவல் வாங்கியது. அதற்கு 'ஸ்போர்ட் டூரர்' என்று பெயர். பந்தய வண்டியின் சுறுசுறுப்பும் நெடும்பயண வண்டியின் சௌகரியமும் ஒன்றில் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்காகச் செய்தது. ஜெர்மனியில் 1976-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி வெளியிட்ட ஆர் 100 ஆர்.எஸ். என்ற வண்டியை இந்த இனத்தின் முன்னோடியாகச் சொல்கிறார்கள். காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து, எதிர்க்காற்று ஓட்டுகிறவரின் மார்பில் அறையாதபடி அதற்கு முகப்புக் கவசம் அமைத்தார்களாம்.

மோட்டார் சைக்கிள் ஏதோ அந்நிய தேசத்துச் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். சென்னைத் திருவொற்றியூரில் 1955-ம் வருஷம் தொடங்கியது புல்லட் வண்டியின் இந்தியக் கதை. இங்கிலாந்தில் அதைப் பெற்றெடுத்த தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும், நம் ஊரில் அது நிற்கவில்லை. மைசூரிலிருந்து ஜாவா வண்டிகள் வந்தன. ஓசூரிலிருந்து 2017 டிசம்பரில் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்ற பந்தயப் பாணி வண்டி வந்தது. எடை சுமார் 170 கிலோ. ராயல் என்பீல்டு 2023-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த சூப்பர் மீட்டியர் 650 என்ற நெடும்பயண வண்டியோ 241 கிலோ! ஆகவே, 'மோட்டார் சைக்கிள்' என்று ஒரே பெயரில் அழைத்தாலும், ஒன்றுக்கொன்று கன்றுக்குட்டிக்கும் காளைக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

விடியற்காலை நாலரை மணிக்கு மதுரையை விட்டோம். தென்காசி சுமார் 160 கிலோமீட்டர். முதலில் கொழுந்தனின் வண்டி.

அந்தப் பின் ஸீட்டைப் பற்றி என்ன சொல்ல! அகலத்தில் அது ஒரு முறம்கூட இல்லை. உயரத்தில் மட்டும் பரண். முன்னால் உட்காருகிறவர் தாழ்வாகக் குனிந்திருப்பார். பின்னால் இருப்பவர் அவர் தலைக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். கால் வைக்கும் கட்டை உயரத்தில் இருப்பதால் முழங்கால் இரண்டும் மடங்கி மேலே வந்துவிடும். அவருக்குக் கவசம் உண்டு, காற்று அடிக்காது. எனக்கோ திருமங்கலம் தாண்டியதும் காற்று நேராக முகத்தில்! கிருஷ்ணன்கோவில் அருகே ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வர, அவர் பிரேக்கை அழுத்தினார். என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் 'ணங்' என்று மோதியது. பிடித்துக்கொள்ள அங்கே அவர் தோளைத் தவிர வேறொன்றும் கைக்கு அகப்படவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, சுடச்சுடப் பால்கோவா சாப்பிட்டும் முழங்கால் சமாதானமாகவில்லை. "எப்படி இருக்கிறது, மதினி? வண்டி பறக்கிறதல்லவா?" என்றான் கொழுந்தன்.

"பறக்கிறது, தம்பி. நான்தான் தொங்கிக்கொண்டு வருகிறேன்" என்றேன்.

ராஜபாளையத்தில் சிநேகிதரின் வண்டிக்கு மாறினோம். அடடா! பின் ஸீட் என்றால் இதுவல்லவா! அகலமாக, மெத்தென்று, முதுகுக்கு ஒரு சாய்மானம் வேறு. கால் கட்டை தாழ்வாக இருந்ததால் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சிவகிரி, வாசுதேவநல்லூர் தாண்டி, எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியில் மூட்டைகள் லாரியில் ஏறுவதை நிம்மதியாக வேடிக்கை பார்த்தேன். மேற்கே மலைத்தொடர் கூடவே வந்தது. கடையநல்லூரை நெருங்கும்போது மலை முகட்டில் மேகம் இறங்கி, காற்றில் குளிர்ச்சி தட்டியது.

ஆனால் இதிலும் ஒரு குறை. ஒரே சிலிண்டர் கொண்ட பெரிய இயந்திரம். வேகம் ஏற ஏற அதன் அதிர்வு கால் கட்டை வழியாக ஏறி உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிட்டது. ஊருக்குள் வளைந்து நெளிந்து போகும்போது கனத்தைச் சமாளிக்க அவருடைய தோள்கள் இறுகுவதும் எனக்குத் தெரிந்தது. பின்னால் இருப்பவருக்கு ஓட்டுகிறவரின் முதுகுதான் புத்தகம். அதைப் படித்தே பாதி விஷயம் தெரிந்துகொள்ளலாம்.

தென்காசியில் காசிவிசுவநாதர் கோபுர வாசலில் நின்றோம். அந்த வாசலில் எந்நேரமும் வீசும் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கப்புறம் குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். பேரருவியின் இரைச்சல் காதில் விழுந்ததும் முழங்கால் வலி, உள்ளங்கால் குறுகுறுப்பு எல்லாம் மறந்துபோயின.

பெண்கள் பக்கத்தில் நனைந்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோதுதான் சிநேகிதரின் மனைவி மெல்லப் பேச்செடுத்தாள்.

"அக்கா, இப்போது இருக்கிற வண்டிக்கு முன்னால் இவர் ஒரு வண்டி வைத்திருந்தார். அதில் கொடைக்கானல் போய்விட்டு வந்து நாலு நாள் எனக்கு இடுப்பு நிமிர முடியவில்லை."

"அவரிடம் சொன்னாயா?"

"சொல்லவில்லை. எவ்வளவு ஆசையாக வாங்கினார்! சொன்னால் மனசு கஷ்டப்படுமே என்று இருந்துவிட்டேன். அதற்கப்புறம் எங்கே கூப்பிட்டாலும் தலைவலி, வேலை இருக்கிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவேன். எனக்குப் பிரயாணமே பிடிக்காது என்று அவர் நினைத்துக்கொண்டார்."

பாருங்கள், ஒரு ஸீட் செய்கிற வேலையை! இரண்டு வருஷம் அந்தத் தம்பதி சேர்ந்து எங்கும் போகவில்லை. அவர் வண்டி மாற்றியதுகூட வேறு காரணத்துக்காகத்தானாம். இடுப்பு வலி சமாசாரம் இன்றுவரை அவருக்குத் தெரியாது. "இன்று ராத்திரியே சொல்லிவிடு" என்றேன். அவள் பதில் சொல்லாமல் தலையைத் துவட்டினாள்.

மறுநாள் மூன்றாவது வண்டியின் முறை. செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாயில் ஏறி, தென்மலைப் பக்கம் பதின்மூன்று கண் பாலம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். 1904-ல் திறந்த பழைய ரயில் பாதையின் பாலம் அது, சாலையிலிருந்தே பார்க்கலாம்.

கிளம்பும் முன் சிநேகிதர் இரண்டு காரியம் செய்யச் சொன்னார். பின் சக்கரத்தில் காற்றைச் சற்று அதிகமாக்கினார்கள். பின்புற ஸ்பிரிங்கை இரண்டு படி இறுக்கினார்கள். காரணம் கேட்டேன். "பின்னால் ஒருவர் ஏறினால் கனமெல்லாம் பின் சக்கரத்தில் விழுகிறது. முன் சக்கரம் லேசாகிவிடும். வளைவில் வண்டி சொன்னபடி கேட்காது. இருவர் போகும்போது காற்று எவ்வளவு வேண்டும் என்று வண்டியோடு வருகிற புத்தகத்திலேயே போட்டிருக்கிறான். யார் படிக்கிறார்கள்?" என்றார்.

வண்டி நன்றாகத்தான் இருந்தது. பின் ஸீட் சாய்மானக்காரனைப் போல மெத்தை இல்லை; ஆனால் பரணும் இல்லை. இரு பக்கமும் கைப்பிடி. இரண்டு சிலிண்டர் என்பதால் அதிர்வு குறைவு. புளியரை தாண்டிச் சாலை பாம்பாக வளைந்து ஏறுகிற இடத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. சாலை பளபளவென்று நனைந்திருந்தது. முதல் வளைவில் வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. எனக்கு அடிவயிற்றில் பகீர் என்றது. விழுந்துவிடப் போகிறோம் என்று நான் இடப்பக்கம் சாய்ந்துவிட்டேன். வண்டி வளைய வேண்டிய அளவு வளையாமல், சாலையின் ஓரத்தை நோக்கி விலகிப் போயிற்று!

அவர் எப்படியோ சமாளித்து, மேலே போய் ஓரமாக நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"இது என் தப்பு" என்றார். "வளைவில் நீ என்ன செய்ய வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நான் சொன்னதில்லையே."

அங்கேயே, சாரலில் நனைந்துகொண்டு பாடம் நடந்தது. வண்டி சாயும் பக்கமே நானும் சாய வேண்டும். அவர் எந்தத் தோள் வழியாகத் திரும்புகிறாரோ, அந்தத் தோள் வழியாக நானும் பார்த்தால் போதும், உடம்பு தானாக வந்துவிடும். மேடு பள்ளத்தில் காலை அழுத்தி லேசாக எழும்ப வேண்டும். பதிலுக்கு நானும் இரண்டு நிபந்தனை போட்டேன். முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. சம்மதித்தார்.

அப்புறம் வந்த வளைவுகளில் நாங்கள் இரண்டு பேராக இல்லை. வண்டியோடு சேர்ந்து ஒரே உருப்படியாகப் போனோம். பதின்மூன்று கண் பாலத்தைப் பார்த்தபோது எனக்குப் பயம் போயே போய்விட்டது. திரும்பும் வழியில் எல்லையோரக் கடையில் பரோட்டாவை நான் சாப்பிட்ட கணக்கை இங்கே எழுதுவதாக இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சபை கூடுகிறதா? அப்படியானால் சிலவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கக் கட்டை, துணி சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு ஆகிய மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி. அழகுக்காகத் தடுப்பைக் கழற்றிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்க ஒரு நொடி போதும். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். பின்னால் ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. நடுவில் குழந்தை, பின்னால் அம்மா என்ற நம் ஊர் வழக்கம் சட்டத்துக்கும் விரோதம், குழந்தைக்கும் ஆபத்து.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குவதற்கு முன் பின் ஸீட்டில் ஏறி அரை மணி நேரமாவது போய்ப் பாருங்கள். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

ஊர் திரும்பிய மறுவாரம் நாங்கள் ஒரு கடைக்குப் போனோம். விற்பனைப் பையன் எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, என் கணவரிடம் குதிரைச் சக்தியைப் பற்றி ஆரம்பித்தான். அவர் அவனைக் கையமர்த்தி, "தம்பி, முதலில் அம்மா உட்கார்ந்து பார்க்கட்டும்" என்றார்.

நாற்காலியில் அல்ல, பின் ஸீட்டில்!

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைப்பையில் போன் அடித்தது. சிநேகிதரின் மனைவி. "அக்கா, சொல்லிவிட்டேன்" என்றாள். "வருகிற ஞாயிற்றுக்கிழமை மேகமலை போகிறோம்."