ஒன்பது நிமிஷ ஆதாயம்

மாதுங்காவில் உள்ள ரயில்வே பணிமனையின் டைம் ஆபீஸில் நாம் குமாஸ்தா. எவர் எத்தனை மணிக்கு வந்தார், எவர் எத்தனை நிமிஷம் தாமதித்தார் என்று பிறர் நேரத்தைக் கணக்கெழுதுவதே பல ஆண்டுகளாக நம் பிழைப்பு. நம்முடைய நேரத்தையும் ஒரு நாள் எவரோ கணக்கெழுதுவார்கள், அதைக் கண்டு நாம் களிப்படைவோம் என்று கனவிலும் எண்ணியதில்லை. 2025-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் தேதி அது நடந்தது.

நாம் ஓடத் தொடங்கிய காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து, இதே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். 2005-இல், ஐம்பத்தோராம் வயதில், மாரடைப்பினால் மறைந்தார். அப்போது நாம் மெட்ரிகுலேஷன் தேறிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தோம். கருணை அடிப்படையில் ரயில்வே நமக்கு வேலை அளித்தது. நாம் அமர்ந்திருக்கும் நாற்காலி எந்த விலைக்குக் கிடைத்தது என்பதை ஒரு நாளும் மறந்ததில்லை.

2022-இல் வைத்தியர் நம்மைப் பரிசோதித்தார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எல்லையைத் தொட்டு நின்றன. “தகப்பனார் எத்தனை வயதில் காலமானார்?” என்று கேட்டார். சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “நாள்தோறும் நடவுங்கள்” என்றார். ஐந்து தோட்டத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினோம். நடை சில மாதங்களில் ஓட்டமாயிற்று. வைத்தியரும் மறுப்புச் சொல்லவில்லை. மறுத்தவர் நம் அன்னையார் ஒருவரே. “உன் அப்பாவும் ஓடி ஓடி உழைத்தவர்தாம்” என்பார். அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் நாம் திரும்பி வரும் வரையில் வாசலிலேயே நிற்பார்.

2023-இல் முதன்முறையாக மும்பை மாரத்தானின் அரைத் தூர ஓட்டத்தில் கலந்துகொண்டோம். தூரம் 21 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2 மணி 38 நிமிஷம் பிடித்தது. மறு ஆண்டு 2 மணி 21 நிமிஷம் 10 விநாடி. இரண்டாம் முறை நாம் செய்த மடமையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மாஹிமில் தொடங்கும் ஓட்டம் சிறிது தூரத்திலேயே பாந்திரா–வர்ளி கடற்பாலத்தின்மேல் ஏறுகிறது. 5.6 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் மற்ற நாட்களில் கால்நடையாகச் செல்ல அனுமதி இல்லை. விடியுமுன் கடற்காற்று வீச, ஆயிரமாயிரம் பேருடன் அதன்மேல் ஓடுகையில் எவருக்கும் தலைகால் தெரியாது. முதல் 10 கிலோமீட்டரை 60 நிமிஷத்தில் முடித்தோம். ஹாஜி அலியைத் தாண்டி, பெடர் ரோடு மேட்டில் ஏறும்போது கால்கள் கல்லாயின. கிழவர்களும் நம்மைக் கடந்து சென்றனர்.

குவார்ட்டர்ஸில் நம் அண்டை வீட்டார் ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர். இந்தக் கதையைக் கேட்டு நகைத்தார். “கர்ஜத்திலிருந்து லோனாவ்ளாவுக்கு ஏறும் போர் காட் பாதையில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அங்கே வண்டியைப் பின்னாலிருந்து தள்ள வேறு எஞ்சின்கள் சேர்ப்போம். தம்பி, உங்களைப் பின்னாலிருந்து தள்ள யார் இருக்கிறார்கள்? மேட்டுக்கு வேண்டிய பலத்தைச் சமவெளியிலேயே மிச்சம் பிடிக்க வேண்டாமா?” என்றார்.

அந்த வார்த்தை நம் மனத்தில் தைத்தது. அவ்வாண்டு முழுவதும் வாரத்தில் நான்கு நாள் ஓடினோம். மூன்று நாள், பக்கத்தில் ஓடுபவருடன் மூச்சிரைக்காமல் பேசக்கூடிய மெதுவான ஓட்டம். அவற்றுள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் 16, 18 கிலோமீட்டர் வரை நீண்டது. நான்காம் நாள் மட்டும் விரைவு. மெதுவாக ஓடிப் பழகினால் விரைவு கூடும் என்பது நம்பத்தகாததாகத் தோன்றும். ஆனால் இருதயமும் தசைகளும் நெடுந்தூரத்துக்குப் பழகுவது அப்படித்தான். மார்க்கெட்டில் விடியற்காலையில் பூத்தொடுக்கும் நம் ஊர்ப் பெண்மணிகள், “இன்றைக்கு வண்டி தாமதமா?” என்று கேலி செய்யும் அளவுக்கு நம் ஓட்டம் அவர்களுக்குக் கடிகாரமாயிற்று.

மூன்றாம் முறை பாலத்தின்மேல் நம்மைப் பலர் முந்திச் சென்றனர். கைகளைக் கட்டிப்போட்டது போன்ற வேதனை, ஆயினும் பொறுத்தோம். 10 கிலோமீட்டரில் 63 நிமிஷம். சென்ற ஆண்டைவிட மூன்று நிமிஷம் பின்தங்கியிருந்தோம். பெடர் ரோடு வந்தது. கடிகாரத்தைப் பாராமல், அடியைக் குறுக்கி, மூச்சை மட்டும் கவனித்து ஏறினோம். வீதியோரம் நின்றவர்கள் ஆரஞ்சுச் சுளைகளை நீட்டினர். முன்பின் அறியாத ஒரு மூதாட்டி கைதட்டி வாழ்த்தினார். மேட்டின் உச்சியில் கால்கள் இன்னும் நம்முடையனவாகவே இருந்தன! கெம்ப்ஸ் கார்னரிலிருந்து இறங்கி, மரீன் டிரைவ் வளைவில் ஒருவர் பின் ஒருவராகப் பிடித்துக் கடந்தோம். கடைசிக் கிலோமீட்டரில் நெஞ்சு படபடத்தபோது தந்தையாரின் நினைவு வந்தது. அச்சமும் வந்தது. வேகத்தைச் சிறிது தணித்தோம், மூச்சு ஒழுங்குக்கு வந்தது, மறுபடி ஓடினோம்.

மார்பில் குத்திய எண் அட்டையின் பின்னே ஒரு சிறு சில்லு உண்டு. நாம் தொடக்கக் கோட்டைத் தாண்டிய கணத்தையும் முடிவுக் கோட்டைத் தொட்ட கணத்தையும் அதுவே காட்டிக்கொடுக்கும். அந்தக் கணக்கின்படி 2 மணி 11 நிமிஷம் 46 விநாடி. ஒன்பது நிமிஷத்துக்கு மேல் ஆதாயம்.

இதில் பெருமை கொள்ள இடமில்லை. 1978-இல் ஜலந்தரில் சிவ்நாத் சிங் என்னும் இராணுவ வீரர் 2 மணி 12 நிமிஷத்தில் முழு மாரத்தானையே ஓடி முடித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதை எந்த இந்தியரும் முறியடிக்கவில்லை. அவர் அந்நேரத்தில் ஓடிய தூரத்தில் பாதியைத்தான் நாம் ஓடியிருக்கிறோம்! எனினும், முப்பத்தெட்டு வயதுக் குமாஸ்தா ஒருவன் சென்ற ஆண்டின் தன்னைத் தானே முந்தினான் என்பது நம் குடும்பத்துக்குப் போதுமான செய்தி.

வீடு சேர்ந்தபோது அன்னையார் வாசலில் நின்றிருந்தார். நேரத்தைச் சொன்னோம். அது அதிகமா, குறைவா என்று அவருக்குத் தெரியாது. பதக்கத்தையும் பார்க்கவில்லை. நம் மார்பின்மேல் கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு, “சீராகத்தான் அடிக்கிறது. காப்பி ஆறுகிறது, உள்ளே வா” என்றார்.

மறு ஞாயிற்றுக்கிழமை நாம் ஓடப் புறப்பட்டபோது அவர் வாசலுக்கு வரவில்லை. உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார்.